முள்ளெலியின் மேல் ஒரு மரம்

எழுபது மில்லிமீட்டருக்குத் தொண்ணூறு. கூடினால் பரவாயில்லை, ஒரு நூலிழைகூடக் குறையக் கூடாது என்று மிரோனோவிச் சொன்னபோதே அந்த அளவு யுஸ்தினாவை உறுத்தியது.

புத்தகம் யாருடையது என்று காட்ட அதன் முன்னட்டைக்கு உள்ளே ஒட்டுகிற உடைமைச் சீட்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு அழகு. தீப்பெட்டி அளவுக்குள் ஓர் ஊரையே வெட்டிக் காட்டத்தான் உக்ரைனின் ல்விவ் நகரத்தில், கட்டையில் படம் செதுக்கி அச்செடுக்கிற மரவெட்டுக்காரர்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள். சோவியத் ஆட்சியின் அந்த வருஷங்களில் அது ஒரு பித்து. பல் பிடுங்குகிற டாக்டரிலிருந்து டிராம் பொறியாளர் வரை எல்லோருக்கும் சொந்தமாக ஒரு சீட்டு இருந்தது. தபால்தலை மாதிரி சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், ஏமாற்றிக்கொண்டார்கள். ஆனால் எவனும் பெரிதாக வேண்டும் என்று கேட்டதில்லை.

"பின்னணி முழுக்கக் கறுப்பா இருக்கணும்," என்றார் மிரோனோவிச். கலைஞர் சங்கத்தில் அச்சோவியப் பிரிவின் தலைவர் அவர். "கெட்டித் தாள்ல அடிக்கணும்."

"என்ன, சாவு அறிவிப்பா?"

"வாயை அடக்கு கண்ணு. கேட்கிறது தோழர் தூலூப். கட்சியோட நகரக் கமிட்டியில கலாச்சாரமே அவர் கையில. நடுவுல ஒரு ஓக் மரம். வேர் ஆழமா, நிறைய இருக்கணுமாம்."

"போருக்கப்புறம் ஒரு தகரப் பெட்டியோட வந்து இறங்கின ஆளுக்கு என்ன வேர்?"

"அதனாலதான் வேணும்ங்கறார். இருக்கிறவன் எதுக்குக் கேட்கப் போறான்?" மிரோனோவிச் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு மேஜை இழுப்பறையை லேசாகத் திறந்து ஒரு காகிதத்தின் நுனியை மட்டும் காட்டினார். "வடக்கு ஜன்னல் வச்ச வேலை அறை. உன் பேர் போட்டாச்சு. அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

ஏழு வருஷமாக யுஸ்தினா அந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்தாள். மூன்று குடும்பங்களுக்குப் பொதுவான அடுக்களையில்தான் அவளுக்கு வேலை. பக்கத்து வீட்டுக்காரி மீன் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்து, அவள் செதுக்குகிற பேரிமரக் கட்டையில் விழும். இரண்டு முறை முழுக் கட்டையே பாழானது. அவள் அம்மா கூட்டுப்பண்ணையில் சர்க்கரைக் கிழங்கு பிடுங்குகிறவள், அப்பா ரயில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியது அவள் ஒருத்திதான். சங்கத்தில் அவளை 'கிழங்குக்காரி' என்பார்கள், அன்பாகத்தானாம். தாத்தா காலத்திலிருந்து பியானோ வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அறைகள் தானாகக் கிடைத்தன. அறை கேட்டால் அவளுக்கு மட்டும், பொறு கண்ணு, பொறு.

கட்டையை வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் வேரை வெட்டிய பிறகு, மூன்றாம் நாள் காலையில், தன் பழைய படங்கள் இருந்த கோப்பைத் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கே நன்றாகத் தெரியும். மேலாக இருந்தது ஒரு முள்ளெலி. முதுகில் புத்தகத்தைச் சுமந்துகொண்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கோ போகிற முள்ளெலி. அவள் இரண்டாம் ஆண்டு மாணவியாக இருந்தபோது வெட்டியது, அவளுடைய முதல் உடைமைச் சீட்டு. சாயத் தொழிற்சாலையில் வேதியியலாளராக இருந்த லுக்கியானுக்காக. ஒரு புட்டி தேனைக் கொண்டுவந்து விடுதி வாசலில் நின்று, "முள்ளெலி ஆப்பிளைச் சுமக்கிற மாதிரி எல்லாரும் போடறாங்க. என்னுது புத்தகத்தைச் சுமக்கட்டும். அதுக்கும் என்னை மாதிரி முதுகுவலி வரட்டும்," என்று கேட்ட மனிதர். கற்றுக்குட்டி செய்கிற இரண்டு தப்பையும் அவள் அதில் செய்திருந்தாள். அளவுக்கு மீறிப் பெரிதாக வெட்டினாள். மையை அள்ளிப் பூசினாள். முட்கள் தாளின் பின்பக்கம்வரை ஊறியிருந்தன.

அளவுகோலை வைத்தாள். அறுபதுக்கு எண்பது.

லுக்கியானைக் கைதுசெய்து மூன்றாவது குளிர்காலம் வரப்போகிறது. தடைசெய்யப்பட்ட எழுத்திலிருந்து கையால் நகலெடுத்த சில பக்கங்களை நண்பர்களுக்குக் கொடுத்தார் என்பது குற்றம். ஏழு வருஷம் கட்டாய உழைப்பு முகாம். சோதனைக்கு வந்தவர்கள் ஆயிரத்து நானூறு புத்தகங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் முள்ளெலி. கறுத்து, தடித்து, மெல்லிய தாளை மேலே ஒட்டினால் துருத்திக்கொண்டு தெரியக்கூடிய முள்ளெலி. அதை மறைக்க அறுபதுக்கு எண்பதைவிடப் பெரிய, முழுக் கறுப்பான, கெட்டித் தாள் வேண்டும்.

தற்செயலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கோப்பைக் கட்டி அலமாரிக்கு மேலே போட்டாள். உளியை எடுத்தாள். அன்றிலிருந்து சரியாக இருபத்தொரு நாள், அந்த மரத்தை இலை இலையாக வெட்டினாள். கேவலம் என்னவென்றால், வேலை நன்றாக வந்தது. அவள் கை இவ்வளவு சுத்தமாக ஒருபோதும் ஓடியதில்லை.

பிரிவின் அச்சு இயந்திரத்தில் பத்து மாதிரிகள் எடுத்தாள். கட்டையை அங்கேயே வைத்துவிட்டு மாதிரிகளைத் தூலூப்பின் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஞாயிறு மதியம். போருக்கு முன் யாரோ ஒரு பேராசிரியர் இருந்த வீடு. அவன் பனியனோடு கதவைத் திறந்தான். கையில் வெங்காயம் ஒட்டிய உப்பு மீன்.

"வாங்க தோழர் யுஸ்தினா, செருப்பைக் கழற்ற வேண்டாம். அட, கழற்றிட்டீங்களா? கிராமத்துப் பழக்கம் நல்ல பழக்கம்."

கண்ணாடி அலமாரிகள் சுவர் முழுக்க. தூலூப் விரல்களைப் பனியனில் துடைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தை உருவினான். அட்டையைத் திறந்தான். முள்ளெலி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"கொடுங்க, பொருந்துதான்னு பார்ப்போம்."

அவள் கொடுத்தாள். இதுவும் அவள் கைதான்.

தூலூப் அந்த மாதிரியைத் திருப்பினான். நாக்கை வெளியே நீட்டினான். அகலமான நாக்கு, நடுவில் வெள்ளை படிந்தது, ஓரத்தில் மீன் செதில் ஒன்று மின்னியது. தபால்தலையை நக்குவதுபோல, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, அவசரமில்லாமல் நக்கினான். பிறகு முள்ளெலியின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினான்.

"ஆகா! ஒரு முள்ளுகூட வெளிய தெரியல."

எச்சிலில் தாள் நிற்குமா? மெதுவாக நழுவி இறங்கியது. முள்ளெலியின் மூக்கில் எச்சில் கோடு பளபளத்தது. யுஸ்தினா என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் சட்டைக் கையால் அதைத் துடைத்தாள்.

தூலூப் சிரித்தான். "பாசம் விடல, பாருங்க. கீழ் மூலையில உங்க பேரோட முதலெழுத்து இருக்கே. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன்."

"தெரிஞ்சுதான் என்கிட்ட கொடுத்தீங்களா?"

"பின்னே? இதே வேலையை மிரோனோவிச் நாலு நாள்ல முடிச்சிருப்பான். குழந்தை அசிங்கம் பண்ணினா அம்மாதானே துடைக்கணும்? நான் தப்பா எடுத்துக்கல. அறியாத வயசு. யாருக்குப் போடறோம்னு தெரியாம போட்டுட்டீங்க." இன்னொரு துண்டு மீனை வாயில் போட்டான். "ஒட்டறதையும் நீங்களே செஞ்சுடுங்க. சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க. வீட்டுல கேக் போடுவாங்க. அறை உத்தரவுல கையெழுத்துப் போட்டாச்சு, திங்கட்கிழமை வாங்கிக்குங்க."

"இந்தப் புத்தகத்தையெல்லாம் நீங்க படிக்கிறீங்களா?"

"நல்லாருக்கே கேள்வி! பியானோ வச்சிருக்கவன் எல்லாம் வாசிக்கிறானா?"

மிச்ச ஒன்பது மாதிரிகளை அவன் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை. கட்டை இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைத்திருப்பான். படியிறங்கி, முற்றத்துக் குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். அவனை நினைத்து மட்டும் வந்த வாந்தி என்றால் அதோடு நின்றிருக்கும். டிராமில் உட்கார்ந்த பிறகும் குமட்டியது.

பிரிவின் அச்சுக்கூடத்தில் மிரோனோவிச் முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். கம்பியில் நாற்பது ஓக் மரங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"அவர் போன் பண்ணினார். வாழ்த்துகள் கண்ணு!" என்றார். "ரெண்டாயிரம் வேணுமாம், மத்தவங்களோட மாத்திக்கவும் சேர்த்து. எனக்கு அஞ்சு எடுத்து வச்சுட்டேன், கீவ்ல ஒருத்தன் இதுக்கு நல்ல சீட்டு மாத்தித் தருவான்."

"யார் புத்தகம்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஊருக்கே தெரியும். அதனால?"

"லுக்கியான் வீட்டுல நீங்க எத்தனை தடவை சாப்பிட்டிருக்கீங்க?"

"நல்லாத்தான் சமைப்பா அவர் பெண்டாட்டி அனீஸியா," என்றார் மிரோனோவிச். உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அதுதான் சகிக்கவில்லை. பொறுக்கி பொறுக்கியாகவே இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போய்விடலாம். இவர்கள் கண் கலங்கிக்கொண்டே மை தடவுகிறவர்கள்.

அச்சோவியக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தேவையான படிகளை எடுத்து முடித்த பிறகு, இனி யாரும் எடுக்கக் கூடாது என்பதற்காக, கட்டையின் முகத்தில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி கீறிவிடுவார்கள். அவள் இயந்திரத்தின் படுக்கையிலிருந்து கட்டையை உருவினாள். மேஜையில் கிடந்த அகல உளியை எடுத்து இடது மேல் மூலையிலிருந்து இழுத்தாள். பேரிமரம் கெட்டி. தோளிலிருந்து அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாவது கோடு வேர்களை அறுத்துக்கொண்டு போனது.

"பைத்தியமாடி உனக்கு! மூணு வாரத்து வேலை!"

கம்பியிலிருந்து நாற்பதையும் உருவி, கையிலிருந்த ஒன்பதையும் சேர்த்து, கணப்படுப்பில் திணித்தாள். ஈர மை சீறிக்கொண்டு எரிந்தது. மிரோனோவிச்சின் சட்டைப் பையிலிருந்த ஐந்தைக் கேட்டு அவள் கை நீட்டினாள். அவர் பையைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். சண்டை போடும் தெம்பு அவளுக்கு இல்லை.

"முட்டாள்," என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டு. "அவருக்கு உன் மரமா முக்கியம்? நாளைக்கே வெறும் கறுப்புத் தாளை எழுபதுக்குத் தொண்ணூறா வெட்டிக் கொடுத்தாலும் ஒட்டிக்குவார். நானே வெட்டிக் கொடுப்பேன். அறை போச்சு. இந்த இயந்திரத்தை இனி தொடாதே. போய்ப் பால்கட்டிக்கு லேபிள் வரை, போ."

அவர் சொன்னது அத்தனையும் பிறகு நடந்தது. பத்தே நாளில் புது மரம் வந்தது, வேர் இன்னும் அதிகம். அறை ஒரு பியானோ வீட்டுக்குப் போனது. யுஸ்தினா பால்பண்ணையில் லேபிள் வரைந்தாள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், மறுநாள் திங்கட்கிழமை, அவள் அனீஸியாவைத் தேடிப் போனாள். கணவன் கைதானதும் லத்தீன் ஆசிரியை வேலை போய்விட்டது. இப்போது அனீஸியா ஒரு மருத்துவமனை வாசலில் நோயாளிகளின் கோட்டுகளை வாங்கி மாட்டுகிறவள். மழை நாள். கம்பளி நாற்றம்.

"கோட்டைக் கொடு, இல்லேன்னா வரிசையை விட்டு நகரு," என்றாள் அனீஸியா. பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். "நீயா."

"அக்கா, புத்தகங்களைப் பார்த்தேன்."

அனீஸியா ஒரு கிழவரின் கோட்டை மாட்டிவிட்டு எண் பொறித்த வில்லையைக் கொடுத்தாள். "எங்க?"

யுஸ்தினா சொன்னாள். அளவைச் சொன்னாள், நாக்கைச் சொன்னாள், கீறியதைச் சொன்னாள். இடையில் ஏழெட்டுக் கோட்டுகள் வந்து போயின. அனீஸியா ஒரு கோட்டை மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"அலமாரி எந்தப் பக்கம்?"

"ஜன்னலுக்கு நேரா. தெற்கு."

"மடப்பய. புத்தக முதுகெல்லாம் வெளுத்துடும். லுக்கியான் பட்டப்பகல்லகூடத் திரையை விலக்க விடமாட்டார். பதினோரு வருஷம் நான் இருட்டுல வெங்காயம் நறுக்கினேன்." ஈரத் தொப்பி ஒன்றை உதறினாள். "சரி, நீ எதுக்கு வந்தே? தங்கமான பொண்ணுன்னு நான் சொல்லணுமா?"

"இல்ல."

"அளவு பார்த்ததும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் எத்தனை நாள் வெட்டினே?"

"இருபத்தொரு நாள்."

அனீஸியா கையிலிருந்த கோட்டை மாட்டாமல் நின்றாள். வரிசையிலிருந்து ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "கனைக்காதீங்க, டாக்டர் ஓடிப் போயிடமாட்டார்," என்று அவரிடம் சீறிவிட்டுத் திரும்பினாள்.

"ஒவ்வொரு கடிதத்துலயும் அவர் புத்தகத்தைத்தான் கேட்கிறார். எந்த அலமாரியில எது இருக்கு, தூசு தட்டினியான்னு. நான் இன்னும் பொய்தான் எழுதிட்டிருக்கேன். இனிமே முடியாது. எழுதிடப் போறேன்."

"எழுதுங்க."

"கேளு முதல்ல. தூலூப் பேரை எழுதினா கடிதம் போகாது. நீ கட்டையைச் சிதைச்சே, அடுப்புல போட்டேன்னு எழுதினா தணிக்கைக்காரன் அந்த வரியை மையால அடிச்சிடுவான். உன்னையும் தேடி வருவான். புத்தகம் கைமாறிடுச்சு, புதுச் சீட்டு ஒட்டறாங்க, அதை வெட்டினது யுஸ்தினா. இவ்வளவுதான் அவர் கைக்குப் போய்ச் சேரும். இன்னும் நாலு வருஷம் அவருக்கு உன்னைப் பத்தி இது மட்டும்தான் தெரியும். சம்மதமா?"

யுஸ்தினா வாயைத் திறந்தாள். நான்தான் கீறிவிட்டேனே, நான்தான் அறையை விட்டேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. தன் வாயிலிருந்து அதைக் கேட்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"எழுதுங்க அக்கா," என்றாள். "அது பொய் இல்லையே."

"இல்ல," என்றாள் அனீஸியா. அடுத்தவரின் கோட்டுக்குக் கை நீட்டினாள். "இப்ப நகரு. வரிசை நிக்குது."