சுவரில் ஏறிய சூடு

மாதம் மூன்று ரூபாய்க்கு மேல் கரண்டு பில் வராத வீட்டுக்கு முப்பது ரூபாய் பில் வந்தால் எவளும் மின்சார ஆபீஸுக்கு ஓடுவாள். ராக்குவும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இது போதாதென்று அவள் தம்பி ராமரைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது.

போடிக்குப் பக்கத்தில், குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ராமர் காவலாள். கூடக் காவலிருந்த அழகுமலை போன வாரம் பள்ளத்தில் பிணமாகக் கிடந்தார். பச்சை ஏலக்காய் மூட்டைகளையும் காணோம், ராமரையும் காணோம். அழகுமலையின் மனைவி வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றியபோது, ராக்கு உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தாள்: "எந் தம்பி அப்பிடிப்பட்டவன் இல்ல. மாமாவத் தள்ளுன ஆனைதான் அவனையும் என்னமோ பண்ணிருச்சு!"

அந்தக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

மின்சார ஆபீஸிலிருந்து மெக்கானிக் சின்னமுத்து வந்தபோது சாரல் மழையில் மத்தியானமே இருட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, வீட்டுக்குள்ள மில்லு ஓட்டுறீகளா?"

"இருக்கறது ரெண்டு பல்பு. நீங்களே எண்ணிக்கங்கண்ணே."

"ரெண்டையும் அணைங்க."

அணைத்தாள். மீட்டர் சக்கரம் நிற்கவில்லை; வெறி பிடித்தது போலச் சுற்றியது. சின்னமுத்துவின் சிரிப்பு அடங்கியது.

"பின்கட்டுல யாரு?"

"சுருளின்னு ஒருத்தரு வாடகைக்கு இருக்காரு. காலிச் சாக்கு அடைச்சிருக்காரு. பூட்டிட்டுத் தேவாரம் ஊருக்குப் போயிட்டாரு."

"ஏலக்கா வாசம் தூக்குதே?"

"போடியில அது எங்க தூக்கல?"

சின்னமுத்து பீங்கான் பியூஸைப் பிடுங்கினான். சக்கரம் நின்றது.

"பூட்ட ஒடைக்கணும். ஏட்டையாவக் கூட்டிட்டு வெரசா வர்றேன். இது ஒங்க கையிலயே இருக்கட்டும். யாரு கேட்டாலும் போட்டுறாதீக."

அவன் போனதும் ராக்கு வழக்கம்போல அடுப்படிச் சுவரில் சாய்ந்தாள். தம்பியை நினைத்து இத்தனை நாளும் அழுதது இந்தச் சுவரில் சாய்ந்துதான். இந்தக் குளிருக்கு அதன் வெதுவெதுப்பு ஆறுதலாக இருந்தது. அடுப்புச் சூடு என்று நினைத்திருந்தாள்.

இன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை. சுவர் சுட்டது.

சுவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"சுருளிண்ணே... கரண்டு போச்சுண்ணே."

ராக்கு பின்புறம் ஓடினாள். பலகை ஜன்னலின் இடுக்கில் வாயை வைத்தாள். "ராமரு?"

உள்ளே ஒரு தட்டு இடறி விழுந்தது. பிறகு, "அக்கா..."

"உசுரோட இருக்கியா அய்யா!"

"பியூஸப் போடுக்கா. ஈரக்காய், கருத்துப்போகும்."

இடுக்கு வழியே பார்த்தாள். தட்டுத் தட்டாகப் பச்சை ஏலக்காய். கீழே வரிசையாகக் கரண்டு அடுப்புகள். கம்பிச் சுருள்களில் சிவப்பு செத்திருந்தது.

"வெறகு வச்சா பொகை காட்டிக் குடுத்துரும்க்கா. அதான் சுருளி இப்பிடி ஏற்பாடு பண்ணுனாரு. ஒரு மாசமா நடக்குது."

"அழகுமலை மாமா?"

"வழுக்கிட்டாரு. மழைல்ல."

"நீ பக்கத்துல இருந்தியா?"

ராமர் மறுபடி இருமினான்.

"மூட்டையப் பாத்துட்டாருக்கா. சத்தம் போடாதீகன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். கேக்கலையே அந்த மனுசன்."

ராக்கு பியூஸை இறுக்கினாள். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து ஈரமானது.

தெருமுனையில் சைக்கிள் மணி. கூடவே பூட்ஸ் சத்தம்.

"அக்கா, யாரோ வர்றாக! கதவு நெலைக்கு மேல இன்னொரு சாவி இருக்கு. தெறந்து விடுக்கா, மலையேறிருவேன்!"

எக்கித் தடவினாள். சாவி இருந்தது.

"கெடச்சிருச்சா?"

"ம்."

"சீக்கிரம்க்கா!"

ராக்கு பூட்டைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். அப்புறம் நனைந்த மண்ணில் பாதம் பதியப் பதிய சாவியோடு, பூட்ஸ் சத்தம் வந்த வாசல் பக்கம் நடந்தாள்.

காலடிச் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று ராமருக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு அவன் அக்கா என்று கூப்பிடவில்லை.