வீட்டில் ஆள் இல்லை

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம் என்று அந்தத் தெருவில் கேலி செய்வார்கள். அவர் ஓட்டலில் சர்வர். அவள் கோர்ட்டில் நோட்டீஸ் கொடுக்கும் சிப்பந்தி. அவர் தட்டை மேசையில் வைத்தாலும் சர்வ், அவள் காகிதத்தை ஒருவன் கையில் திணித்தாலும் கோர்ட் பாஷையில் சர்வ்.

"உங்களுக்கு டிப்ஸ் குடுக்கறாங்க, எனக்குச் சாபம் குடுக்கறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள்.

அவள் தொழிலில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. நோட்டீஸ் என்றதும் தன் பெயரே தனக்குத் தெரியாது என்று சாதித்த வியாபாரி, மழை கொட்டும்போது மொட்டை மாடியில் போய் ஒளிந்துகொண்ட வாத்தியார் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். மூன்று தடவை போயும் ஆள் பிடிகொடுக்காவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு வந்துவிடுவாள். ஒட்டிவிட்டால் கொடுத்ததாகவே கணக்கு. உள்ளே இருப்பவர் படித்தாரா, கிழித்தாரா என்பதெல்லாம் கோர்ட்டுக்கு வேண்டாத விஷயம்.

ஒரே ஒரு நோட்டீஸைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டாள். கூடப்பிறந்த தங்கைக்கு வந்தது, வீட்டைக் காலி செய்யச் சொல்லி. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். அன்னியன் ஒருத்தன் போய்த் தங்கை வாசலில் நின்று கத்துவதைவிடத் தானே போவது மேல் என்று போனாள். தங்கை கதவைத் திறக்கவில்லை. ஒட்டிவிட்டு வந்தாள். அதோடு அக்கா தங்கைக்குள் பேச்சு அறுந்தது.

சாப்பிடுவது தொண்டையில் நிற்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தபோது முதலில் பழி விழுந்தது அவர் ஓட்டல் ரொட்டியின் மேல். பிறகு தண்ணீரும் நின்றது. ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். ஒருநாள் சீட்டு போடும் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சர்வர் வேலை செய்யவில்லை, காத்திருங்கள் என்றதற்கு, "என் வீட்டுக்காரரா? காலையிலேர்ந்து என் பையைத் தூக்கிட்டு நல்லாத்தானே வேலை செய்யறாரு" என்றாள். வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

எல்லாச் சோதனையும் முடிந்தபின் டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஆபரேஷன் செய்து இனி எந்தப் பர்ப்பஸும் சர்வ் ஆகாது என்றார். சில வாரங்கள்தான், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், பக்குவமாக நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். எத்தனையோ சொன்னார். வெளியே வந்தபோது அவர் காதில் அந்த ஒரு சொல்தான் நின்றது. ஆயுசு முழுக்கத் தனக்குச் சோறு போட்ட சொல்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். காகிதத்தோடு வருகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"நான் வீட்ல இல்ல" என்றாள்.

மறுநாள் சூப்பை ஆற்றிக்கொண்டே, டாக்டர் ஒன்று சொன்னார் என்று இழுத்தார். ஆள் வெளியூர் போயிருக்கிறது, எப்போது வரும் என்று தெரியாது என்றாள். சூப் அப்படியே ஆறி ஏடு கட்டியது.

அவளுடைய தங்கையைத் தேடி அவர் போனார். விஷயத்தைக் கேட்டதும் தேய்த்துக்கொண்டிருந்த துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தபடியே நின்றுவிட்டாள். கருகல் வாடை வந்த பிறகுதான் எடுத்தாள்.

"அவளே ஒரு தடவ கூப்பிடட்டும் மாமா. ஓடி வர்றேன். நானா எப்படி வர்றது? அன்னிக்குக் கதவுக்கு உள்ளதான் இருந்தேன். 'நான்தான்டீ'ன்னு ஒரு குரல் குடுத்திருந்தா திறந்திருப்பேன். குடுக்கலையே அவ."

ஆக, அவள் கூப்பிட வேண்டும். அதற்கு நாள் அதிகம் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சாயங்காலம் கட்டிலோரம் போய் உட்கார்ந்தார்.

"மூணாவது தடவ வந்திருக்கேன். இனிமே கதவுலதான் ஒட்டணும்" என்றார்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மெல்லத் திரும்பிக் கையை நீட்டினாள்.

"ஒட்ட வேணாம். குடுங்க."

கொடுக்க அவரிடம் காகிதமா இருந்தது? நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை டாக்டர் சொன்னபடியே சொன்னார். பர்ப்பஸ் என்றால் என்ன என்று கேட்டாள். பிரயோஜனம் என்றார்.

"ஓ. அவருக்கும் சர்வ் பண்ற வேலதானா" என்றாள்.

தங்கை சொன்னதையும் சொன்னார். அவள் போனை வாங்கி நம்பரைப் போட்டாள். மணி கடைசிவரை அடித்து ஓய்ந்தது. போனைத் தலையணையோரம் வைத்தாள்.

"வேலையா இருப்பா" என்றாள்.

அன்று பதிலுக்கு அழைப்பு வரவில்லை. இரண்டு நாளில் குரல் போய்விட்டது. அந்த வாரம் தாண்டவில்லை.

தங்கை வந்தாள். யாரையும் பார்க்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வந்த கூட்டம் கலைந்தபின் அவளாகவே எழுந்து சமையலறைக்குள் போய் எல்லோரும் டீ குடித்த டம்ளர்களைக் கழுவினாள். அவர் வாங்கித் துடைத்து அடுக்கினார்.

"அக்கா கூப்பிட்டதைப் பாத்தேன் மாமா. அடிச்ச உடனே எடுத்தா இளப்பமாப் போயிடும்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் போகட்டும்னு..." குழாயை மூடினாள். "என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

அடுப்பிலேயே ஏறாத பண்டத்தை, இதோ வந்துகொண்டே இருக்கிறது என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொன்ன வாய் அது. இங்கேயும் அப்படி ஒன்றை எடுத்து வைத்திருக்கலாம். நாக்கு புரளவில்லை.

"நீ வேலையா இருப்பேன்னு சொன்னாம்மா."

அவள் தலையாட்டினாள். பிறகு குழாயைத் திறந்து, அவர் துடைத்து அடுக்கியிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.