பாதியில் நின்ற அப்கிரேடு

“பாதியில கரண்ட் போச்சுன்னா?”

“போகாது.”

“போச்சுன்னா சார்?”

“அப்புறம் பேட்டரி எதுக்கு வச்சிருக்கோம் ஜெனிஃபர்? தேங்காய் உடைக்கவா?”

சொல்லிவிட்டு ஷ்யாம் தானே சிரித்தார். அவர் முதலாளி; அவர் சிரித்து முடிக்கும்வரை ஜெனிஃபர் காத்திருந்தாள்.

மறைமலைநகரில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவர்களுடைய அலுவலகம். கடலோரக் குப்பங்களில் கம்பம் நட்டு, அதில் சைரன் வைத்துப் பராமரிப்பது தொழில். கடல் பொங்கப் போகிறது என்று செய்தி வந்தால் கம்பத்தில் இருக்கும் பெட்டி அதை வாங்கி சைரனை ஊத வைக்கும். பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு லினக்ஸ் கணினி. அதிலிருந்த மென்பொருளெல்லாம் அரதப் பழசாகிவிட்டது. ஓட்டை விழுந்தால் அடைக்க இனி ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் புதுப்பித்தாக வேண்டும். எந்தக் கருவியைக் கொண்டு என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

ஷ்யாமுக்கு ஆப்ட் என்கிற கருவி போதும். லினக்ஸோடு கூடவே வருவது. இங்கே உட்கார்ந்து ஒரு வரி அடித்தால், அங்கே பெட்டி தானாகவே புதியவற்றை இறக்கிப் பழையவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளும்.

“ஓடுற பஸ்ல டயர் மாத்துற மாதிரி சார் அது,” என்றாள் ஜெனிஃபர். “மெமரி கார்டை ரெண்டா பிரிச்சுடலாம். பழசு ஒரு பாதியில அப்படியே இருக்கட்டும். புதுசை மொத்தமா இன்னொரு பாதியில எழுதுற டூல் இருக்கு. புதுசு எழுந்து நின்னாத்தான் அதுக்கு மாறும். நிக்கலைன்னா பழசுக்கே திரும்பிடும்.”

“கார்டைப் பிரிக்க யாரு போறது?”

“ஒரு தடவை மட்டும் ஒவ்வொரு குப்பத்துக்கும் போகணும்.”

“காரு, ஏணி, ரெண்டு ஆளு, ஒரு வாரம். உலகமே ஆப்ட்ல அப்கிரேடு பண்ணிட்டு நிம்மதியா தூங்குது. உனக்கு மட்டும் பேய் பிடிச்சிருக்கு.”

அவளுக்கு இன்னொன்று தெரியும். அதை அவள் சொல்லவில்லை.

முதலில் புதுப்பிக்க வேண்டிய பெட்டி சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருந்தது. ஜெனிஃபர் பிறந்த காலனி அதற்குப் பக்கத்தில்தான். பெட்டிக்குக் கரண்ட் வருவது மீன் ஏலக் கொட்டகையிலிருந்து; அங்கே ஐஸ் உடைக்கும் மோட்டாரைப் போட்டால் ஃபியூஸ் போகும். டீ குடித்துவிட்டு வந்து யாராவது போடுவார்கள். அதோடு, அந்தக் குப்பத்தில் நல்ல பேட்டரிக்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் கிடையாது. எந்தப் படகில் பேட்டரி இறங்கிப்போனாலும், பக்கத்தில் எது கிடக்கிறதோ அது கடலுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பும். சைரன் பேட்டரியும் அப்படிப் போய் வந்திருக்கிறது. அதனால் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் சாவி வைத்திருக்கும் லட்சுமணனை அவள் கூப்பிட்டுக் கேட்பாள்: “அண்ணா, பேட்டரி ஊர்ல கீதா, கடல்ல கீதா?” அலுவலகத்தில் ஒருபோதும் வராத அந்தப் பேச்சு அவரிடம் மட்டும் அவளுக்குத் தானாக வரும்.

அன்று அவள் கூப்பிடவில்லை. ஷ்யாம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கழனியில் கூலிக்கு நின்றவர்களின் பேத்தி, அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் பக்கத்து ஜனங்கள் சைரன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போவார்கள் என்று எந்த வாயால் சொல்வது? ‘உங்க ஊரு ஆளுங்களா’ என்று ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தாள்.

“சரி சார்,” என்று எண்டரைத் தட்டினாள்.

திரையில் வரிகள் மழை போல இறங்கின. பழையதை எடுத்தாயிற்று, புதியதை வைத்தாக வேண்டும் என்கிற இடத்தில் மழை நின்றது. மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள். பெட்டி பேசவில்லை.

“நெட்வொர்க்கா இருக்கும்,” என்று ஷ்யாம் காபி வாங்கப் போனார்.

அவள் லட்சுமணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, பொட்டில பச்சை லைட்டு எரியுதா பாக்குறீங்களா?”

“எங்க வூட்டு வேண்டா இப்பத்தாம்மா சோறு போட்டுது. துன்னுட்டுப் போறேனே.”

“இப்பவே பாருங்கண்ணா. அவசரம்.”

“பொண்டாட்டி கூட இப்படி வெரட்டாது. சரி, போயிகினே கீறேன்.”

கடல் பொங்கும் என்ற செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. வானம் சுத்தமாக இருந்தது, காற்றும் இல்லை. எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை கரைக்கு வந்துகொண்டிருந்தது. மற்ற பெட்டிகளெல்லாம் ஊதுகிறோம் என்று வரிசையாகப் பதில் சொல்லின. ஒன்று மட்டும் சொல்லவில்லை. லட்சுமணனின் போன் அடித்தது, அடித்தது, பிறகு அடிக்காமல் போயிற்று. வீடுகளில் இருந்தவர்கள் கால் நனைந்ததும் ஓடிப் பிழைத்தார்கள். கம்பம் நின்றது கடலை ஒட்டிய மணலின் விளிம்பில்.

லட்சுமணனின் அடக்கம் முடிந்ததும் ஷ்யாம் அவளைக் கூப்பிட்டு, “இனிமே உன் டூலே போட்டுக்கோ,” என்றார். “கார் எடுத்துக்கோ, ஏணி எடுத்துக்கோ. யாராவது கேட்டா பவர் ஃபெயிலியர். டூல் மேல தப்பில்லை. பேட்டரியை அவங்கதானே எடுத்தாங்க? ஊர்லயே சொல்றாங்களே.”

அதில் பொய் இல்லை. அதனால்தான் அவளால் அதை விழுங்க முடியவில்லை.

குப்பத்தில் ஏணி போட்டு ஏறிப் பெட்டியைத் திறந்தாள். பேட்டரி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கழற்றிய வயர்களின் முனைகளில், ஒன்றோடொன்று உரசாதபடி, லட்சுமணன் டேப் சுற்றி வைத்திருந்தார். புது பேட்டரியை மாட்டினாள். இரண்டாகப் பிரித்த கார்டைச் செருகினாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பச்சை விளக்கு எரிந்தது. ஊத வைத்துப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை.

குனிந்து பார்த்தபோது, ஏணியை லட்சுமணனின் மனைவி வேண்டா பிடித்துக்கொண்டிருந்தாள். துக்க வீட்டைவிட்டு வரக்கூடாத நாட்கள் அவை. பின்னால் பெண்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவள் திரும்பவில்லை.

“எறங்கும்மா. பாத்து, வழுக்கும்.”

ஜெனிஃபர் இறங்கினாள்.

“போனு வந்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். ஜெனிபரு கூப்புடுதுன்னாரு. வூட்டுக்குள்ள டவர் கெடைக்காது, வெளிய போனாரு. தட்டுல சோறு அப்புடியே கெடந்துது.” வேண்டாவின் குரலில் அழுகை இல்லை, அழுது தீர்ந்த குரல். “கடலு வருது, ஓடுன்னு சொல்லத்தான கூப்ட்ட? ஊரே சொல்லுது, அந்தப் பொண்ணு ஒண்ணுதான் போன் போட்டுச்சுன்னு.”

ஜெனிஃபரின் பையில் போன் துடித்தது. பெட்டி ஆன்லைனுக்கு வந்துவிட்டது, அடுத்த குப்பத்துக்குப் போகலாம் என்று ஷ்யாம் அனுப்பியிருந்தார்.

“நீ அவ்ளோ சொல்லியும் அவரு ஏன் கடலாண்ட போனாரு? ஒண்ணுந் தெரியாத ஆளா அவரு? ராவும் பகலும் அதையேதான் நெனச்சிகினு கீறேன்.” வேண்டா ஏணியிலிருந்து கையை எடுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நீ இன்னா சொன்ன, அதுக்கு அவரு இன்னா சொன்னாரு, ஒரு வார்த்தை வுடாம சொல்லும்மா.”