சல்மா உம்மாவின் கிடாய்க் கத்தி

இது றஸாக் வெட்கப்பட்ட கதை, மக்காள். அவனை ஏசாமல் கேளுங்கள். நம்மில் யாருக்கும் வரக்கூடிய வெட்கம்தான்.

நற்பிட்டிமுனையில், வீட்டோடு இறக்கிய கொட்டிலில், தனியாளாகக் கத்தி செய்கிறவன் அவன். லொறி வில்லுத் தகட்டை வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, தீட்டி, பிடி போட்டுக் கொடுப்பான். போனில் படம் பார்த்து ஓடர் கொடுப்பார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் சோறு தின்னவும் நேரம் கிடைக்காது.

இந்த முறை மருதமுனையிலிருந்து சல்மா உம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். அவருடைய கணவர் அப்துல் ஸமட் கண்மூடி மௌத்தாகி எட்டு மாதம்.

"படுக்கையில கிடந்து அந்த மனிசன் ஒண்டுதான் கேட்டார் மகன். என்ட பேரில ஒரு கிடாய அறுத்துக் குர்பான் குடு, ஆனா நோவிக்காமக் குடு எண்டார். வாயில்லாச் சீவன் துடிக்கிறதப் பாக்க ஏலாது அவருக்கு. அதுக்குத்தான் புதுக் கத்தி."

கத்தியைக் கொண்டுபோனவர் நாலாம் நாள் திரும்பி வந்தார். பிடி தடிப்பாம். சீவிக் கொடுத்தான். மறுபடியும் வந்தார். நுனி கூராம், கிடாயைக் குத்திவிடுமாம். மழுக்கிக் கொடுத்தான். மூன்றாம் முறை வரும்போது ஒரு நைலோன் கயிற்றையும் கொண்டுவந்தார்.

"அடியில வெட்டுது, நுனியில வெட்டுது. நடுவில வழுக்குது. இந்தா பாரு."

குசினியிலிருந்து றஸாக்கின் மனைவி நிப்லா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னம்மா, கத்தி எடுக்கிறீங்களா, மாப்பிள்ள எடுக்கிறீங்களா? இவ்வளவு சோதினையா!"

"மாப்பிள்ளையெண்டா ஒருக்காப் பாத்திட்டே ஓமெண்டிருப்பன் கிளி."

றஸாக் சிரிக்கவில்லை. விளிம்பில் நகத்தை ஓட்டியதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. அலகின் நடுவில் உரம் ஏறவில்லை; எண்ணெயில் தோய்த்தபோது அந்த இடம் மட்டும் இறுகாமல் நின்றுவிட்டது. பிடியைக் கழற்றி, திரும்பக் காய்ச்சி, தோய்த்து, புதுப் பிடி போட வேண்டும். ஒரு முழு நாள் வேலை. பதினாலு ஓடர் காத்துக் கிடந்தது. இந்தக் கிழவி இதைச் சரிசெய்தாலும் நாளைக்கு வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

இரண்டு நாள் கத்தியை வைத்திருந்துவிட்டு, நடுவை மட்டும் மெஷினில் பிடித்துத் தீட்டி, எண்ணெய் பூசிப் பளபளவென்று கொடுத்தான். சல்மா உம்மா இழுத்துப் பார்த்தார்; கயிறு அறுந்தது.

"திரும்பக் காய்ச்சினியா மகன்?"

"ஓம் உம்மா. காய்ச்சித் தோய்ச்சித்தான் தந்திரிக்கன்."

"நீ சொன்னாச் சரி. மறுகா ஒண்டு. வீட்டில ஆம்பிளையில்ல. பெருநாளைக்குக் கிடாய்ர கால் பிடிக்க நீ வாறியா?"

மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து போனான். கிடாய் கத்தியைக் காணக்கூடாது என்று, அறுக்க வந்த பள்ளிவாசல் லெவ்வை அதைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். கிடாயைத் தொழும் திசையான கிப்லாப் பக்கம் முகம் வைத்துச் சாய்த்தார்கள். றஸாக் கால்களைப் பிடித்தான். லெவ்வை பிஸ்மி சொல்லி இழுத்தார்.

தோல் கிழிந்தது. அவ்வளவுதான். மீண்டும் இழுத்தார், இறங்கவில்லை. கிடாய் அலறிய அலறலில் பக்கத்து வளவுச் சனமும் வேலியோரம் வந்துவிட்டது. அதன் உடம்பின் நடுக்கம் முழுவதும் றஸாக்கின் கையில் ஏறியது. லெவ்வை கத்தியை வீசிவிட்டு, இடுப்பில் இருந்த தன் கத்தியை உருவி ஒரே இழுப்பில் முடித்தார்.

"குர்பான் ஆகும், ஆகும். உடனயே முடிச்சிட்டம்," என்றார் வியர்வையைத் துடைத்தபடி. பிறகு கீழே கிடந்ததை எடுத்துப் பார்த்தார். நடு விளிம்பு தகரம்போல மடிந்திருந்தது. "இத ஆருடா செஞ்ச?"

றஸாக் வாயைத் திறக்குமுன் சல்மா உம்மா முந்திக்கொண்டார்.

"அவன ஏசாதீங்க லெவ்வ. அவன் நல்லாத்தான் தந்தான். மனம் கேக்காம நான்தான் நேத்தும் கயிறு வெட்டி வெட்டிப் பாத்தன். நான்தான் கெடுத்துப்போட்டன்."

றஸாக் குனிந்து, தோலுரிக்கக் கிடாயின் காலைப் பிடித்துக் கொடுத்தான். ஆமாம் மக்காள், அந்தப் பழிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒளிந்துகொண்டுதான் நின்றான். தோலுரித்து, இறைச்சி பங்கு போட்டு முடியும்வரை நின்றான்.

சல்மா உம்மா அவனுடைய பங்கைப் பொதியாகக் கட்டிக் கொண்டுவந்து கையில் வைத்தார். கண் சிவந்திருந்தது.

"உன்ன எத்தின தரம் அலைக்கழிச்சன். மனசில வெச்சிக்காத மகன்."

"உம்மா, நான் திரும்பக் காய்ச்சவே இல்ல."

அவர் விளங்காமல் பார்த்தார்.

"மேலால தீட்டித்தான் தந்தன். பொய் சொன்னன். நடுவில உரமில்லெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

சல்மா உம்மா இரத்தம் ஊறிய மணலைக் காலால் தள்ளி மூடினார். கத்துவார் என்று நினைத்தான். கத்தவில்லை.

"நேரமில்ல, ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, லெவ்வைட கத்தியாலயே அறுப்பிச்சிருப்பனே மகன்."

அவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பொதியைத் திருப்பிக் கேட்கவில்லை. றஸாக்கால் அதைக் கீழே வைக்கவும் முடியவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவும் கால் எழவில்லை. இறைச்சியின் சூடு கையில் இறங்கிக்கொண்டே இருந்தது.