மாப்பிள்ளை மிதவை

கேமராவுக்கு அடியில் மிதவையை வைத்தாள் எல்சி. சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்பி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. பின்னால் சூப்பர்வைசர் டில்லிபாபு செருப்புக் காலால் தரையைத் தட்டிக்கொண்டு நின்றான்.

திருவொற்றியூரில் மீன்பிடிப் படகுகளுக்கு உயிர்காப்பு மிதவை செய்யும் கம்பெனி அது. இரண்டு பிளாஸ்டிக் பாதிகளைச் சூட்டில் உருக்கி ஒட்டுவார்கள். ஒட்டில் ஊசிமுனை அளவு குறை இருந்தாலும் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும்; கேமரா அதைக் கண்டுபிடித்துவிடும். பச்சை எரிந்தால்தான் கணக்கில் ஏறும்.

"எல்சிக்கா, லாரி வாசல்ல நின்னுகினு கீது. மாப்ளய எடு."

மாப்பிள்ளை என்பது மேசைக்கடியில் துணி சுற்றி வைத்திருக்கும் ஒரு மிதவை. ஒட்டில் குறையே கிடையாது. அவசரம் என்றால் சிவப்பு வாங்கியதற்குப் பதில் அதைக் காட்டுவார்கள். பச்சை எரியும், சிவப்பு வாங்கியது பெட்டிக்குள் போய்விடும். பெண்வீட்டாருக்கு அண்ணனைக் காட்டிவிட்டுத் தம்பிக்குக் கட்டிவைக்கிற வேலை என்று எல்சியே சொல்லிச் சிரித்ததுண்டு. இன்றும் மாப்பிள்ளை வந்தார். பெட்டிகள் நிறைந்து லாரியில் ஏறின.

டீ நேரத்தில் காசிமேட்டிலிருந்து தம்பி ஹென்றி போன் செய்தான். சாயந்தரம் கடலுக்குக் கிளம்புகிறானாம். படகில் புது மிதவை வந்திருக்கிறதாம், அக்கா கம்பெனிப் பெயர் போட்டு. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டானாம்.

"நீ பாத்து அனுப்ச்சதாச்சே எக்கா. இனிமே இன்னா பயம்?"

எல்சி டீயைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். போன வாரம் மாப்பிள்ளை எத்தனை தரம் வந்து நின்றாரோ! அதில் எது தம்பியின் படகுக்குப் போயிற்றோ! எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறம்.

"ஹென்றி, அத்த தண்ணீல அமுக்கிப் பாரு."

அவன் கேலி செய்துகொண்டேதான் போனான். சற்று நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"எக்கா, ஒட்டுலேந்து காத்து வருது. பொக்கு பொக்குனு."

"கடல்ல எறங்காத. மத்த போட்டுக்காரங்களுக்கும் சொல்லு."

போனை வைத்தவள் மாப்பிள்ளையை எடுத்துப்போய் ரம்பத்தில் கொடுத்து இரண்டாக அறுத்தாள். ஓடி வந்த டில்லிபாபு, இப்படிப் பேஜார் பண்ணினால் முதலாளியிடம் யார் பதில் சொல்வது என்று கத்தினான். எல்சி ஹென்றி சொன்னதைச் சொன்னாள். அவன் கண் வாசலிலிருந்த லாரிக்குப் போனது.

"மிசினுக்கு டிமிக்கி குடுத்தா மிசின் முழுவாது, டில்லி. நம்மள நம்பி கடல்ல எறங்கனவன்தான் முழுவுவான். பாத்தேன்னு சொன்னா பாத்திருக்கணும். வா, பெட்டிய எறக்கலாம்."