ஆறு நொடி அழுகை

தொலைக்காட்சித் தொடர் பாதியில் நின்றுபோன மறுநாள் காலை பத்து மணிக்கு, அதன் மூத்த மருமகள் ஒரு பெட்டியோடு தையல்காரியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நடிகை அல்ல, நடிகை அதற்குள் ஏதோ ஒரு பற்பசை விளம்பரத்தில் சிரிக்கப் போய்விட்டாள். வந்தது மருமகளேதான். தொடர் ஒன்பது வருடம் ஓடியது. ஜனங்கள் கைப்பேசிக்குள் குடிபோய்விட்டார்கள் என்று சொல்லி நிலையத்தார் ஒரு வியாழக்கிழமையோடு அதை நிறுத்தினார்கள். கப்பலேறிப் போய்க் காணாமல்போன அவளுடைய புருஷன் இருக்கிறானா இல்லையா என்பது அடுத்த வாரம் தெரிவதாக இருந்தது. கடைசி நாள்வரை விடாமல் பார்த்தது அந்தத் தெருவில் தையல்காரி ஒருத்திதான்.

"அத்தை, நான் இங்க இருந்துக்கட்டுமா?"

"ஒன்பது வருஷமா தினம் ஏழு மணிக்கு வர்றவதானே நீ. செருப்பை அந்த ஓரமா விட்டுட்டு உள்ள வா."

அவளுக்கு ஒரு வேலையும் தெரியவில்லை. வெறும் பாத்திரத்தைக் கிண்டியே பழகியவள். திடுக்கிட்டால் ஒரு தடவைக்கு மூன்று தடவை தலையைத் திருப்புவாள். ஒரு மாதத்தில் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டாள். மகள் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து சுவரோடு பேசிக்கொண்டிருந்த தையல்காரிக்குப் பேச்சுத்துணை கிடைத்தது. "அவர் வந்துடுவாரா அத்தை?" என்று அவள் கேட்பாள். "வருவாரு, வருவாரு. ஊசியில நூலைக் கோத்துக் குடு" என்பாள் தையல்காரி.

இரண்டாம் வருடம் மருமகள் வெளுக்க ஆரம்பித்தாள். முதலில் ஆடையின் பச்சை போயிற்று, பிறகு நிழல், பிறகு குரல். ஊர் அவளை மறந்துகொண்டிருந்தது. அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் தையல்காரி அவள் கதையைச் சொல்லிப்பார்த்தாள். காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்கள். மருமகளின் உள்ளங்கை வழியே ஜன்னல் கம்பி தெரிந்த அன்று மகளை வரவழைத்தாள்.

"நாலு பேர் நெனச்சாத்தான்டி அவ இருப்பா. ஏதாவது பண்ணு."

மகள் பழைய காட்சி ஒன்றைத் தேடி, கப்பல் முழுகிய செய்தி கேட்டு மருமகள் வாயைப் பொத்தி அழும் ஆறு நொடியை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டாள். நான்கு நாளில் ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். சோறு கருகினதற்கு, பேருந்தைத் தவறவிட்டதற்கு, தேர்வில் கோட்டைவிட்டதற்கு என்று ஆளாளுக்கு அந்த அழுகையை ஒட்டி வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மருமகளுக்கு நிறம் திரும்பியது, முன்னைவிடப் பளிச்சென்று. தாயும் மகளும் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

அன்று மாலை அவள் ஊசியைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு ஆறு நொடி அழுதாள். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி அழுதாள். நிறுத்தவே இல்லை.

மகள் பதறிப்போய்த் தான் போட்ட காட்சியை அழித்தாள். பிரயோசனமில்லை, அது கோடிக் கைகளில் இருந்தது. "நல்லதுன்னு நெனச்சுதாம்மா செஞ்சேன்" என்று விம்மினாள்.

"தெரியும்டி. கேட்டவ நான்தானே."

மூன்று வருடமாகிறது. துணி கொண்டுவருகிறவர்கள் மருமகளின் காலை மிதிக்காமல் சுற்றிவந்து அளவுக்கு நிற்கிறார்கள். கண்ணீர் நிஜமானது என்பதால் மடியில் துண்டு விரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு துண்டு நனைகிறது. தையல்காரி அவற்றைத் துவைத்துக் காயப்போடுகிறாள். விடுமுறைக்கு வரும் நாட்களில் மகள்.