காலு வருது, முகம் வரலை

1

இந்தக் கதை ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் தொடங்கியது. வேலை கேட்டு வந்தவர்களுக்கு இல்லையென்று எழுதுவதுதான் என் வேலை. "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று ஆரம்பித்து "வாழ்த்துகள்" என்று முடிப்பேன். போன செவ்வாய்க்கிழமை பதினான்கு பேருக்கு அப்படி அடித்துவிட்டு, அச்சு சரியாக விழாத ஒரு தாளைத் திருப்பி எழுதினேன்:

அவள் ஆட்டத்தில் தீ இருந்தது. அதை அவர்கள்—

இல்லை. இருந்திருந்தால் எடுத்திருப்பார்கள்.

பதினெட்டு வயதில், நெஞ்சில் முப்பத்தொன்று என்ற எண்ணைக் குத்திக்கொண்டு, கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் நான்—

இது பரவாயில்லை. 'அவள்' 'நான்' ஆகிவிட்டாள். இனி ஒளிய இடமில்லை.

2

கல்லூரி நடனக் குழுவின் தலைவி இறுதியாண்டு அக்கா ஒருத்தி. குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதும் அவள்தான். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். எங்களுக்குள் அவள் பெயரே விசில்தான். மூன்று வரைவுகளில் அவளைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிரிக்கிறாள், ஒன்றில் கொட்டாவி விடுகிறாள். (கொட்டாவி நன்றாகவே வந்திருந்தது. அடித்துவிட்டேன்.) உண்மையில் அவள் நாற்பதாவது விநாடியில் ஊதி என்னை நிறுத்தினாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னாள்:

"காலு வருதும்மா. முகம் வரலை."

ஆறு மாதம் கண்ணாடி முன்னால் நின்று காலை மட்டும்தான் பார்த்திருந்தேன். அவள் சொன்னது சரி. அதுதான் ஆறவே இல்லை.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் பன்னிரண்டு பெயர்கள். மேலிருந்து கீழே படித்தேன். பிறகு கீழிருந்து மேலே.

3

அம்மா ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவுப் பிரிவில் கட்டுப் போடுகிறவள். சாயங்காலம் வேலைக்கு நடுவே போன் செய்தாள்.

"என்னடி ஆச்சு?"

"எடுத்துட்டாங்கம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. நாலு விதமாக நியாயம் பேசியது. தூக்கிவிட்டேன். வாய் தவறி வந்த பொய்யல்ல. அந்த ஒரு நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். போனை வைக்காமலேயே அம்மா, "எம் பொண்ண எடுத்துட்டாங்க டாக்டர்" என்று யாரிடமோ சொன்னது கேட்டது.

பொய்யைப் பெற்றால் போதாது, வளர்க்கவும் வேண்டும். இரண்டு மாதம், அவர்கள் ஒத்திகை பார்க்கும் ஆறிலிருந்து எட்டு மணி வரை, விடுதியின் துணி துவைக்கும் அறையில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்கு அம்மாவைக் கூப்பிட்டு மூச்சு வாங்குவேன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாவது மேடையில் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். (நீங்கள் என்மேல் பரிதாபப்படத் தொடங்கும் இடம் இது. அதனால்தான் இதையும் சொல்லி வைக்கிறேன்.)

4

ஆண்டு விழாவன்று அம்மா விடுப்புப் போட்டு, இரண்டு பேருந்து மாறி வந்தாள். நான் கணுக்காலில் கட்டோடு கட்டிலில் கிடந்தேன்.

"நேத்து ஒத்திகையில பிசகிடுச்சும்மா."

"எங்க, காட்டு."

(கட்டுப் போடுகிறவளிடமே கட்டைக் காட்டிய புத்திசாலி. கற்பனையாக இருந்தால் காய்ச்சல் என்று எழுதியிருப்பேன்.)

பிரித்தாள். எலும்புக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். வலிக்க வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது. "ஸ்..." என்றேன். அவள் விரல் அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. துணியை மறுபடி சுருட்டி, பாதத்திலிருந்து ஆரம்பித்து, கணுக்காலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, நிஜமான சுளுக்குக்குக் கட்டுவது போலவே கட்டினாள்.

"இப்படித்தான் கட்டணும். நீ கட்டின மாதிரி இறுக்கினா ரத்தம் ஓடாது. வலிக்குதா?"

"ம்."

"வலிக்கும்."

5

அரங்க வாசலில் விசில் எதிரே வந்தாள், முழு ஒப்பனையோடு. என் காலைப் பார்த்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"காலு பிசகிடுச்சும்மா. இல்லேன்னா இன்னிக்கு உங்ககூட ஆடியிருப்பா."

விசில் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

பலகையில் பெயர் இல்லாதபோதுகூட எனக்கு இப்படி எரியவில்லை. வேண்டாமென்று சொன்னவளே என் பொய்க்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளைக் கொடுமைக்காரியாக்க மூன்று வரைவு பாடுபட்டது இதற்காகத்தான்.

ஆட்டம் நடந்தது. ஒருத்தியும் விழவில்லை. அம்மா கடைசிவரை கைதட்டினாள். பக்கத்தில் நானும் தட்டினேன்.

6

முடிவு ஒன்று: பேருந்து நிறுத்தத்தில் நான் அழுது ஒப்புக்கொள்கிறேன். அம்மா அணைத்துக்கொள்கிறாள். (பத்திரிகைகள் விரும்பி வாங்கும்.)

முடிவு இரண்டு: அம்மா பளாரென்று அறைகிறாள். பல வருடம் நான் ஏங்கியது இந்த முடிவுக்குத்தான்.

நடந்தது: என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நிறுத்தம்வரை மெல்ல நடத்திக் கூட்டிப்போனாள். நானும் நொண்டினேன். பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "பாரத்த அந்தக் காலுல போடாத" என்றாள். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசியதில்லை.

பேருந்து முக்கில் திரும்பி மறைந்தது. தெருவில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. விடுதி முந்நூறு அடியில் இருந்தது. நான் திரும்பி, முதல் அடியை—

இந்த வாக்கியத்தை ஒன்பது முறை எழுதிவிட்டேன். நேராக நடந்தேன் என்றும் எழுதினேன், நொண்டினேன் என்றும் எழுதினேன். இரண்டையும் என்னால் படிக்க முடியவில்லை. அந்த முந்நூறு அடியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.